ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர்: எதேச்சாதிகாரம் பரவுவதில் போலச்செய்தலின் பங்கு

நொய்யல்கரை:

ஒரே ஆள் கையில் அதிகாரம் போய்ச் சேர்வதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள் சொல்வார்கள்: தலைவரின் கவர்ச்சி, பணம், பயம். மூன்றையும் நான் மறுக்கவில்லை. நான்காவதாக ஒன்று இருக்கிறது, அது இல்லாமல் மற்ற மூன்றும் வெகுதூரம் போகாது என்பது என் வாதம். பக்கத்தில் இருப்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்கிற மனித இயல்புதான் அது.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட்டால் விஷயமே பிடிபடாது. 2005-ல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உகாண்டாவின் இங்கம்பா தீவுச் சரணாலயத்துச் சிம்பன்சிகளுக்கும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரு பெட்டி. உள்ளே பரிசு. ஆள் ஒருவர் குச்சியால் பெட்டியின் மேல் துளையில் குத்திவிட்டு, பிறகு முன்பக்கக் கதவைத் திறந்து பரிசை எடுத்துக் காட்டுவார். மேலே குத்துவது வீண் வேலை, ஆனால் பெட்டி கறுப்பாக இருந்ததால் அது தெரியவில்லை. இரு தரப்பும் குத்தின. அடுத்து உள்ளே தெளிவாகத் தெரிகிற பெட்டி. வீண் என்று தெரிந்ததும் சிம்பன்சிகள் நேராகக் கதவுக்குப் போய்விட்டன. குழந்தைகள் குத்திக்கொண்டே இருந்தார்கள்.

காரணம் புரியாத செயலையும் சேர்த்துப் படி எடுக்கிற இனம் நாம். மஞ்சளை எவ்வளவு நேரம் வேகவைப்பது, பாவு எப்படி ஓட்டுவது என்று ஈரோட்டுக்காரர்களும் சென்னிமலைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகக் கற்றது இந்த இயல்பால்தான். அதே இயல்பை அரசியல் பயன்படுத்தும்போது என்ன நடக்கிறது?

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனை எல்லோருக்கும் பெயரளவில் தெரியும், எண்கள் பலருக்குத் தெரியாது. ஒரு கோடு காட்டுவார்கள். மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஏற்பாட்டு ஆட்கள். 18 சுற்று, அதில் 12 சுற்றில் அவர்கள் வேண்டுமென்றே ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். தனியாகச் செய்தால் தவறு 1 சதவீதத்துக்கும் குறைவு. கூட்டத்தில் 37 சதவீதம். நால்வரில் மூவர் ஒருமுறையாவது வழுக்கினார்கள். எதிரே ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னால் பாதிப்பு கிட்டத்தட்ட இல்லை. இருவர் என்றால் 14 சதவீதம் அளவு. மூவர் என்றால் 32 அளவு. அதற்கு மேல் ஆள் சேர்த்தும் பெரிதாக ஏறவில்லை. ஒரு மேசையைச் சாய்க்க மூன்று பேர் போதும் என்று இதற்கு அர்த்தம். இங்கிருந்து பேசுவோம்.

கூடுதுறை:

நல்ல தொடக்கம்ங்க. ஆனால் ஆஷ் அறை ஏழெட்டுப் பேர் கொண்டது. நாடு அப்படி இல்லை. நடுவில் ஒரு கணக்கு வேண்டும், அதை 1978-ல் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் கொடுத்தார்.

நூறு பேர் கூடியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் எண்: “இத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன்.” முதல் ஆளுக்கு 0, அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படி 99 வரை. 0-காரர் கல்லெடுத்தால் 1-காரர் எடுப்பார், இருவரைப் பார்த்து 2-காரர், கடைசியில் நூறு பேரும். இப்போது ஒரே ஒரு மாற்றம். 1-காரரை எடுத்துவிட்டு அவர் இடத்தில் இன்னொரு 2-காரரை வையுங்கள். 0-காரர் எடுப்பார், அதோடு நிற்கும். ஒரே ஒருத்தர் கலாட்டா செய்ததாகச் செய்தி வரும்.

இரண்டு கூட்டமும் குணத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். விளைவு நூறும் ஒன்றும். அதனால் “அந்த ஊர் ஜனம் வெறியர்கள், இந்த ஊர் ஜனம் நல்லவர்கள்” என்று விளைவைப் பார்த்து மனதை அளப்பது தப்பு. எதேச்சாதிகாரம் ஒரு நாட்டில் திடீரென்று எழும்போது “ஒரே வருஷத்தில் மக்கள் இப்படி மாறிட்டாங்களே” என்று அதிர்ச்சி அடைகிறோம். மக்கள் மாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1-காரர் ஒருவர் வந்து சேர்ந்திருக்கலாம்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் உண்டு: வாசல் எண் வேலை செய்ய எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது கண்ணுக்கோ காதுக்கோ தெரிய வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் கூலி உயர்வுக்காக விசைத்தறி நிறுத்தும்போது கவனித்தால் புரியும். தறி ஓடுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். நின்றாலும் தெரியும். யார் நிறுத்தினார், யார் ஓட்டுகிறார் என்று யாரும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தத் தொழிலில் நிறுத்தம் வேகமாகப் பரவும், உடைந்தாலும் அதே வேகத்தில் உடையும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாத தொழிலில் இப்படி நடக்காது.

சென்னிமலைத்தறி:

ஏனுங்க கூடுதுறை அண்ணா, இதுல ஒரு சந்தேகம். பயத்துல பண்றதையும் பார்த்துப் பண்றதையும் எப்படிப் பிரிக்கிறது? கடைக்காரரு ஆளுங்கட்சிக் கொடியைக் கட்டறாருன்னா அது போலச்செய்தலா, பயமா? ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டினா வாதம் நிக்காதுங்க.

கொடிவேரி:

சென்னிமலைத்தறி கேட்டது சரியான கேள்வி. பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

ஆஷ் செய்த ஒரு மாற்றத்தைப் பாருங்கள்: மற்றவர்கள் சத்தமாகச் சொல்ல, அந்த ஒருவர் மட்டும் தாளில் எழுதினால் போதும் என்றதும் தவறு வெகுவாகக் குறைந்தது. அப்படியென்றால் பெரும்பாலானோர் கண்ணை நம்பாமல் போகவில்லை. வாயை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் தாளில் எழுதியபோதும் தவறு முழுதாக மறைந்துவிடவில்லை. அந்த மிச்சம் உண்மையாகவே “நம்ம கண்ணுதான் தப்பா” என்று சந்தேகப்பட்டவர்களுடையது. வாய் மாறுவதும் மனம் மாறுவதும் இரண்டு வேறு வழிகள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

முதல் வழியைப் பொருளியலாளர் திமுர் குரான் விரிவாக ஆராய்ந்தார். மனதில் ஒன்று, வெளியில் ஒன்று. 1978-ல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹாவெல் தன் கட்டுரையில் உதாரணமாகக் காட்டிய காய்கறிக்கடைக்காரர் இந்த வகை: “உலகத் தொழிலாளர்களே ஒன்றுசேருங்கள்” என்ற அட்டையை வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவில் வைக்கிறார். அவர் அந்த வாசகத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆனால் அட்டை வேலை செய்கிறது. தெருவில் போகிறவர் “எல்லாக் கடையிலும் இருக்கிறதே” என்று எண்ணித் தன் கடையிலும் வைக்கிறார். பயத்தில் வைத்த அட்டை அடுத்தவருக்கு முன்மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் பயமா, போலச்செய்தலா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நூறு பேரையும் தனித்தனியாக மிரட்ட எந்த அரசிடமும் ஆள் கிடையாது. பத்துப் பேரை மிரட்டினால் மீதித் தொண்ணூறு பேர் அந்தப் பத்துப் பேரைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

பயமே இல்லாத இடத்திலும் இது நடக்கும் என்பதற்கு லியோனார்டோ பர்ஸ்டினும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் 2016 தேர்தலை ஒட்டிச் செய்த ஆய்வைப் பாருங்கள். குடியேறிகளுக்கு எதிரான ஓர் அமைப்புக்கு நன்கொடை போக அனுமதித்தால் கையில் காசு கிடைக்கும். ஒரு குழுவிடம் உங்கள் முடிவு யாருக்கும் தெரியாது என்றார்கள், இன்னொரு குழுவிடம் தெரியவரலாம் என்றார்கள். தெரியவரலாம் என்றபோது சம்மதித்தவர்கள் குறைவு. “உங்கள் மாநிலத்தில் டிரம்ப் ஜெயிப்பது கிட்டத்தட்ட உறுதி” என்று முன்கூட்டியே சொன்னவர்களிடம் அந்த இடைவெளி மறைந்துபோனது. தனிப்பட்ட கருத்து அப்படியே இருந்தது, “இதைச் சொன்னால் ஊர் ஏசாது” என்ற கணிப்புதான் மாறியது. ஒரு தேர்தல் முடிவு சட்டத்தை மாற்றுவதற்கு முன்பே, எதை வாய்விட்டுச் சொல்லலாம் என்பதை மாற்றிவிடுகிறது.

சென்னிமலைத்தறி:

புரிஞ்சுதுங்க அக்கா. அப்ப கொடியக் கட்டற பத்தாவது ஆளுக்குத்தான் பயம், பதினோராவது ஆளுக்குப் பழக்கம்.

ஆனைமலை:

இதுவரை தனி மனிதரைப் பற்றியே பேசியிருக்கிறோம். கட்சிகளும் அரசுகளும் ஒன்றையொன்று பார்த்துச் செய்வது இதைவிடத் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. தேதிகளை அடுக்கினாலே போதும்.

1922 அக்டோபர் கடைசியில் முசோலினியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் ரோமை நோக்கி நடந்தார்கள், அவர் பிரதமரானார். ஓராண்டு கழித்து 1923 நவம்பரில் ஹிட்லர் மியூனிக்கில் அதையே செய்து பார்த்துத் தோற்றார். சட்டை பழுப்பு ஆனது. இத்தாலியில் இருந்து வந்த கைநீட்டும் வணக்கம் 1926-ல் நாஜிக் கட்சிக்குள் கட்டாயமானது. 1932-ல் இங்கிலாந்தில் ஆஸ்வால்ட் மோஸ்லி கறுப்புச் சட்டை. அதே 1932-ல் பிரேசிலில் பிளினியோ சல்காடோவின் ஆட்கள் பச்சைச் சட்டை. 1933-ல் அயர்லாந்தில் நீலச் சட்டை. நாடுகளின் பிரச்சினைகள் வேறு வேறு, பொருளாதாரம் வேறு, மதம் வேறு. சட்டை மட்டும் ஒரே தையல். எது வெற்றிக்குக் காரணம் என்று புரியாதபோது எல்லாவற்றையும் சேர்த்துப் படி எடுப்பது, நொய்யல்கரை சொன்ன பெட்டிச் சோதனையில் குழந்தைகள் செய்ததுதான்.

பிரிட்டன் எடுத்த நடவடிக்கை நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்தும். 1936-ல் பொது ஒழுங்குச் சட்டம் கொண்டுவந்து அரசியல் சீருடையைத் தடை செய்தார்கள், 1937 ஜனவரி 1 முதல் நடைமுறை. கட்சியைத் தடை செய்யவில்லை. சட்டையைக் கழற்றினார்கள். ஆயிரம் பேர் ஆயிரம் பேராகவே தெருவில் தெரிந்தார்கள், ஒரு படையாகத் தெரியவில்லை. கூடுதுறை சொன்ன வாசல் எண் கணக்கில் கண்ணுக்குத் தெரிகிற எண்ணிக்கையைக் கலைக்கிற வேலை அது.

இப்போது சட்டை போய்ச் சட்டவரைவு வந்திருக்கிறது. 2012-ல் ஹங்கேரியில் நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-லிருந்து 62-க்கு இறக்கினார்கள். மூத்தவர்கள் ஒரே வீச்சில் வெளியே, காலி இடங்கள் ஆளுங்கட்சி கையில். ஐரோப்பிய நீதிமன்றம் அதைத் தவறு என்றது. அப்படியும் போலந்து 2018-ல் உச்ச நீதிமன்றத்துக்கு அதே உத்தியை எடுத்தது, 70-லிருந்து 65. அதுவும் 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

“வெளிநாட்டு முகவர்” சட்டம் இன்னும் நீளமான சங்கிலி. ரஷ்யா 2012. ஹங்கேரி 2017, அதை ஐரோப்பிய நீதிமன்றம் 2020-ல் நிராகரித்தது. நிகரகுவா 2020. கிர்கிஸ்தான் 2024. ஜார்ஜியா 2023-ல் கொண்டுவந்து, தெருவில் கூட்டம் கூடியதும் திரும்பப் பெற்று, 2024-ல் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றியது. இந்த வகைச் சட்டத்துக்கு வாதாடுகிறவர்கள் “அமெரிக்காவிலேயே 1938-லிருந்து இருக்கிறதே” என்பார்கள். அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு அரசு, கட்சி, அமைப்பு போன்றவற்றின் சார்பில் வேலை செய்பவரைப் பதிவு செய்யச் சொல்வது. இவை வெளிநாட்டுப் பணம் வாங்குவதையே முக்கிய அடையாளமாக வைத்து முத்திரை குத்துபவை. பெயரைப் படி எடுத்து, உள்ளே வேறு சரக்கு.

2021 ஜனவரி 6 அன்று தேர்தலில் தோற்ற டிரம்பின் ஆதரவாளர்கள் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள், 2023 ஜனவரி 8 அன்று தேர்தலில் தோற்ற பொல்சனாரோவின் ஆதரவாளர்கள் பிரேசில் தலைநகர் பிரேசிலியாவில் அதையே செய்தார்கள். இதற்கு விளக்கமே தேவையில்லை.

தாராபுரம்மேற்கு:

மக்களாட்சியும் இப்படித்தானே பரவியது? 1989-ல் போலந்து, ஹங்கேரி, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா என்று சில மாதங்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று விழுந்தன. போலச்செய்தல் இரண்டு பக்கமும் ஓடுகிறது என்றால் அது எதற்கும் காரணம் ஆகாது. மழை எல்லாக் காட்டிலும்தான் பெய்கிறது, விளைவது விதையைப் பொறுத்தது.

நொய்யல்கரை:

வலுவான ஆட்சேபம். போலச்செய்தல் மட்டும் திசையைத் தீர்மானிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1989-க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். பல்கேரியாவின் இவான் கிராஸ்தெவும் அமெரிக்காவின் ஸ்டீபன் ஹோம்ஸும் சொல்வது இது: கிழக்கு ஐரோப்பாவுக்கு அந்த ஆண்டிலிருந்து ஒரே ஒரு வேலைதான் கொடுக்கப்பட்டது, மேற்கைப் போல ஆவது. முன்மாதிரி நிரந்தரமாக மேலே, படி எடுப்பவர் நிரந்தரமாகக் கீழே, சரியாக எடுத்தாயா என்று மதிப்பெண் போடுவதும் அந்த முன்மாதிரியே. ஒரு தலைமுறை இப்படி ஓடியது. அதற்குள் இளையவர்கள் அசலைத் தேடியே கிளம்பிவிட்டார்கள். பல்கேரியாவில் 1989-ல் கிட்டத்தட்ட 90 லட்சம் பேர், 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். ஊரில் மிஞ்சியவர்களிடம் “நாம் எதற்கு யாரையோ போல ஆக வேண்டும், நாம்தான் அசல்” என்று ஒரு தலைவர் சொன்னால் எப்படி இருக்கும்? ஹங்கேரியில் பல ஆண்டுகள் பிரதமராக இருந்த விக்டர் ஓர்பானின் குரலில் கேட்டது இதுதான். படி எடுத்ததே படி எடுப்பதற்கு எதிரான கோபத்தை வளர்த்தது.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் இதைத் தனிமனித அளவில் முன்பே சொன்னார். ஒருவர் விரும்புவதைப் பார்த்து இன்னொருவர் விரும்பும்போது, முன்மாதிரி மெல்லப் போட்டியாளராக மாறுகிறார். போட்டி முற்ற முற்ற இருவரும் ஒருவரைப்போல ஒருவர் ஆகிறார்கள், ஆனால் இருவரும் தாங்கள் நேரெதிர் என்று சத்தியம் செய்வார்கள். அந்த இறுக்கம் தாங்க முடியாதபோது கூட்டம் ஒரு பலியாளைக் கண்டுபிடிக்கிறது. பலியாளைக் காட்டுகிற விரலும் பார்த்துப் பார்த்துத்தான் நீள்கிறது.

கொடிவேரி:

அந்தக் கடைசி வரிக்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2023 ஜனவரியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களை விரட்டுவதாக ஒரு வீடியோ பரவியது. சின்னத் தகராறு. ஆனால் “வந்தவன் நம்மளையே அடிக்கிறான்” என்று ஒரு பக்கம் தீ பிடித்தது. மார்ச் தொடக்கத்தில் திசை திரும்பி, “தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள்” என்ற வீடியோக்கள் அங்கே பரவின. அவை வேறு மாநிலத்தில் நடந்தவையும், உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டைகளும். தொழிலாளர்கள் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். தமிழ்நாடு காவல்துறை பொய் என்று அறிவித்து வழக்குகள் பதிந்தது. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது, அது திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து பார்த்தது.

ரயில் நிலையத்துக்குப் போன ஒவ்வொருவரையும் அந்த வீடியோதான் அனுப்பியது என்று சொல்ல முடியாது. “பக்கத்து அறைக்காரன் பெட்டி கட்டுகிறான்” என்பது வீடியோவைவிட வலுவான சான்று. அவனிடம் ஏதோ தகவல் இருக்கும் என்று எண்ணுகிறோம். அவனும் தன் பக்கத்து அறையைப் பார்த்துத்தான் கட்டியிருப்பான். இரண்டு ஊர் மக்களும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள், இரண்டு ஊரும் மற்றதை வில்லனாகப் பார்த்தது. ஹோலிப் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களும் அதே நாட்களில் ரயில் நிலையத்தில்தான் இருந்தார்கள். எல்லாரும் ஓடுகிறவர்களாகவே கணக்கானார்கள்.

செய்தியை மறுப்பது மட்டும் ஏன் போதவில்லை என்பதும் இதில் தெரியும். “அது பொய்” என்ற அறிக்கை வீடியோவுக்குப் பதில் சொல்கிறது, பெட்டி கட்டுகிற பக்கத்து அறைக்குப் பதில் சொல்வதில்லை. பனியன் கம்பெனிகளில் அந்த நேரத்தில் பயன்பட்டிருக்கக்கூடியது, தங்கியிருப்பவர்களைக் காட்டுவது: அதே ஊர்க்காரர் ஒருவர், தன் மொழியில், இன்றைய தேதியைச் சொல்லி, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தபடி முப்பது விநாடி பேசுவது. முதலாளி பேசினால் எடுபடாது. அவரைப் போலச் செய்ய யாரும் காத்திருக்கவில்லை.

வாட்ஸ்அப் இதில் ஒரு காரியம் செய்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். 2018-ல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாது என்று வைத்தார்கள். 2020 ஏப்ரலில் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. யாருடைய கருத்தையும் தடுக்கவில்லை, விரல் ஒரு நிமிடம் தயங்கும்படி செய்தார்கள்.

ஆனைமலை:

இந்தியாவைப் பேசினால் நெருக்கடி நிலையைத் தாண்ட முடியாது. 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை. டெல்லி உத்தரவு போட்டது, அதிகாரிகள் செய்தார்கள் என்று மட்டும் படித்தால் கருத்தடை எண்ணிக்கை விளங்காது. 1976-77-க்கு மத்திய அரசு வைத்த இலக்கு 43 லட்சம். நடந்தது 80 லட்சத்துக்கு மேல். உத்தரவைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எப்படி வரும்? ஒரு மாநிலம் இலக்கை ஏற்றியதும் அடுத்த மாநிலமும் ஏற்றியது. மாவட்டத்தைப் பார்த்து மாவட்டம். கேட்டதைவிட அதிகம் கொடுக்கிற போட்டி கீழே இறங்க இறங்க, ஆசிரியருக்கும் கிராம அலுவலருக்கும் ஆள் பிடிக்கிற கணக்கு வந்து நின்றது. மேலே இருந்தவர் ஒவ்வொரு அத்துமீறலையும் உத்தரவாகப் போட வேண்டியிருக்கவில்லை.

எதிர்த்தவர்களில் ஒருவர் போதும் உதாரணத்துக்கு. விசாரணையின்றிச் சிறையில் அடைத்தாலும் நீதிமன்றம் கேட்க முடியாதா என்ற வழக்கில் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் “கேட்கலாம்” என்றன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு நாலுக்கு ஒன்று என்று “முடியாது” என்றது. அந்த ஒருவர் எச்.ஆர். கன்னா. 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், அவர் பதவி விலகினார். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. ஒன்பது நீதிமன்றங்கள் அவருக்கு முன்பே வேறு பதில் சொல்லியிருந்தன என்பதை மறக்கக் கூடாது. அறைக்குள் அவர் தனி ஆள், அறைக்கு வெளியே இல்லை.

தாராபுரம்மேற்கு:

1977-ல் வடக்கு முழுக்கக் காங்கிரஸைத் தூக்கி எறிந்தபோது தமிழ்நாட்டில் காங்கிரஸ் - அதிமுக அணிக்கு 39-ல் 34. 1976 ஜனவரி 31 அன்று நம் மாநில அரசையே கலைத்தார்கள், அப்படியும். இது எந்த போலச்செய்தல்?

ஆனைமலை:

அனுபவம் வேறுங்க. கருத்தடை வன்முறை வடக்கில் வீட்டுக்கு வீடு நுழைந்தது, இங்கே அந்த அளவு இல்லை. கூட்டணியும் இங்கே வேறு. போலச்செய்தலால் விளக்க முடியாத இடம் இது, வலிந்து விளக்கவும் கூடாது.

கூடுதுறை:

நன்றி ஆனைமலை, அந்த எல்லையைச் சொன்னது நல்லது. நடைமுறைக்கு வருவோம். போலச்செய்தலை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. ஒருவர் முடிவு எடுக்கும் முன் மற்றவர் முடிவு கண்ணில் படுகிற இடங்களை அடையாளம் காணலாம்.

நம் தேர்தலில் அப்படி ஒரு ஓட்டை இருக்கிறது. ஓட்டு ரகசியம், ஆனால் வாக்குச்சாவடியின் மொத்தம் ரகசியம் இல்லை. படிவம் 20-ஐ எடுத்தால் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுள்ள ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை என்று இருக்கும். ஒரு சாவடி என்பது பல நேரம் ஒரு குக்கிராமம், அதற்குள் ஒரு தெருவின் சாதியைக்கூட யூகித்துவிடலாம். “உங்க ஊர்ல எங்களுக்கு நாப்பது ஓட்டுதான் விழுந்துச்சு, ரோடு எப்படிக் கேப்பீங்க?” என்ற பேச்சு இங்கிருந்து வருகிறது. அப்புறம் ஊரே கூடி ஒரே பக்கம் போடுவதுதான் பாதுகாப்பு என்று ஆகிவிடும். ஊரோடு ஒத்து வாழ் என்பதை இந்த இடத்தில் தாள்தான் கட்டாயப்படுத்துகிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்ததும் அது போயிற்று. 14 சாவடிகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் கருவியை 2008-ல் தேர்தல் ஆணையம் முன்வைத்தது. 2015-ல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை இத்தனை குறைந்த செலவில் இத்தனை பயன் தரும் தேர்தல் சீர்திருத்தம் வேறில்லை.

சென்னிமலைத்தறி:

சங்கக் கூட்டத்துல, கோயில் கமிட்டியில, அப்பார்ட்மெண்ட் கூட்டத்துல என்ன பண்றதுங்க? அங்கதான் முதல்ல பழகறோம். தலைவர் பேசி முடிச்சதும் “என்னப்பா சொல்றீங்க” ன்னு கேப்பாரு, எல்லாரும் கூட்டத்தோட கோவிந்தா. எழுதிக் குடுங்கன்னா கையெழுத்து எல்லாருக்கும் தெரியும்.

கொடிவேரி:

வரிசையை முதலில் மாற்றுங்கள். மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். பழைய யூத நீதிமன்றத்தில் 23 நீதிபதிகள் மரண தண்டனை வழக்கைக் கேட்கும்போது இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்வார். பெரியவர் சொன்ன பிறகு சின்னவர் மாற்றிப் பேச மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். நம் கூட்டங்களில் இது இன்னும் அவசியம், மாமா பேசிய பிறகு மருமகன் எழுந்து மறுப்பது சபையில் மரியாதை இல்லை என்று எண்ணுவோம். மருமகனை முதலில் பேச வையுங்கள், மாமா மறுத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

வாக்குக்கு எழுத்தே வேண்டாம். பழைய ஏதென்ஸ் நீதிமன்ற முறையை அப்படியே எடுக்கலாம். ஒவ்வொரு நடுவருக்கும் இரண்டு வெண்கல வில்லை, நடுவில் அச்சு உள்ளவை. ஒன்றில் அச்சு துளையுள்ளது, மற்றதில் கெட்டி. அச்சின் இரு முனையையும் விரலால் மூடிப் பிடித்தால் எது எது என்று யாருக்கும் தெரியாது. கணக்குக்கான பாத்திரத்தில் ஒன்று, கழிவுப் பாத்திரத்தில் மற்றது.

நமக்குப் புளியங்கொட்டையும் ஆமணக்குக் கொட்டையும் போதும். ஒன்று சம்மதத்துக்கு, மற்றது மறுப்புக்கு. ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று. வாய் குறுகிய இரண்டு பானை, ஒன்றில் “கணக்கு”, மற்றதில் “கழிவு”. உள்ளே துணி போடுங்கள், இல்லாவிட்டால் விழும் சத்தத்தில் எடை தெரிந்துவிடும். எல்லாரும் இரண்டு பானையிலும் கை விட வேண்டும், ஒரு பானையில் மட்டும் போட்டுவிட்டு மிச்சக் கொட்டையோடு வெளியே வந்தால் அதை வாங்கிப் பார்க்க ஒருவர் நிற்பார். முடிவில் இரண்டு பானையும் எண்ணுங்கள். ஒன்றில் எத்தனை புளியங்கொட்டையோ மற்றதில் அத்தனை ஆமணக்கு இருக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் மறுவாக்கு. எண்ணி முடித்ததும் எத்தனைக்கு எத்தனை என்பதைக் கட்டாயம் அறிவியுங்கள். “நிறைவேறியது” என்று மட்டும் சொன்னால் எதிர்த்த ஒன்பது பேருக்கும் தாம் ஒன்பது பேர் என்பது தெரியாமலே போகும்.

கிராம சபையில் கைதூக்கல் தவிர்க்க முடியாது. அங்கே பேசும் வரிசையை மட்டுமாவது மாற்றலாம்.

தாராபுரம்மேற்கு:

வாசல் எண் கணக்குப்படி, எதிர்த்துப் பேச ஒருவர் முன்வந்தால் மற்றவரும் சேர்வார்கள். அந்த ஒருவர் சொல்வது தவறாக இருந்தால்? பாதியில் கட்சி மாறினால்? நம் ஊரில் இரண்டும் நடக்கும்.

நொய்யல்கரை:

இரண்டையும் ஆஷ் சோதித்திருக்கிறார். ஒரு துணை ஆள் சரியான பதிலைச் சொன்னபோது கூட்டத்துக்குப் பணிவது வழக்கத்தில் கால்வாசியாகக் குறைந்தது. துணை ஆள் கூட்டத்தைவிடப் படுமோசமான தவறான பதிலைச் சொன்னபோதும் தவறு 9 சதவீதத்துக்கு இறங்கியது. அவர் சரியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஒருமித்த குரலை உடைத்தாலே போதும்.

கட்சி மாறுவதுதான் ஆபத்து. ஆறு சுற்று சரியாகச் சொன்ன துணை ஆள் திடீரென்று கூட்டத்தோடு சேர்ந்தால், தவறு பழைய அளவுக்கே ஏறியது. அதே ஆள் “எனக்கு வேறு வேலை இருக்கிறது” என்று எழுந்து போனால், அவர் போன பிறகும் தைரியம் மிஞ்சி நின்றது. ஆணையிட்டால் அடுத்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று (உண்மையில் அதிர்ச்சி இல்லாமலே) மில்கிராம் பார்த்த சோதனையிலும் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள், பக்கத்தில் இருந்த இருவர் அடுத்தடுத்து மறுத்து எழுந்தபோது 40-ல் 4 பேர்தான் போனார்கள்.

அதனால் கூட்டத்துக்கு முன் பேசி வைக்கும்போது ஒருவரைப் பிடிக்காதீர்கள், இருவரைப் பிடியுங்கள். இருவரும் அடுத்தடுத்து உட்கார வேண்டாம், ஒரே ஆள் சொல்லிக்கொடுத்ததுபோல் தெரியும். முதலாமவர் ஆரம்பத்திலேயே பேசட்டும், இரண்டாமவர் நடுவில். யாருக்காவது நெருக்கடி வந்து பின்வாங்க வேண்டியிருந்தால் மாற்றி வாக்களிப்பதைவிட அன்று வராமல் இருப்பது மற்றவர்களுக்குக் குறைந்த சேதம். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.